ஆறு நாளும் அறுபத்திரண்டு

எப்சிபா மேடத்தின் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், ஒரு எடை மிஷின் இருந்தன. ஆள் ஏறி நின்றால் முள் சுற்றும் பழைய மிஷின்.

தெற்கே ஒரு ஊரின் அரசு மருத்துவமனை அது. எப்சிபா மருத்துவர் இல்லை. மருத்துவ உளவியல் படித்தவர். மனம் ஒடிந்து வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. வருகிறவர்கள் அவரை டாக்டரம்மா என்றுதான் அழைப்பார்கள். அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

“நான் டாக்டர் இல்லம்மா. மருந்து எழுத மாட்டேன். பேசுவேன், கேப்பேன். செருப்பைக் கழட்டிட்டு முதல்ல இதுல ஏறுங்க.”

பேச வந்தவர்களை எதற்கு எடை பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

நாச்சியார் அவரிடம் இரண்டு வருடமாக வேலை கற்றுக்கொண்டிருந்தாள். வயது இருபத்துநான்கு. ஒரு புதன்கிழமை காலையில் அவள் இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“மேடம், நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டுல ஒரு இடத்துல போய்ச் சேரணும்.”

ஒன்று எம்.பி.பி.எஸ். இடம். மூன்றாவது முறை தேர்வு எழுதிக் கிடைத்தது. இன்னொன்று மருத்துவ உளவியலில் மேற்படிப்பு. அதை முடித்தால் எப்சிபா இருக்கும் நாற்காலி கிடைக்கும்.

“அப்பா என்ன சொல்றார்?” என்று எப்சிபா கேட்டார்.

“டாக்டர்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிருமாம். இந்தப் படிப்பைச் சொன்னா, ‘அப்படின்னா இப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லச் சொல்லு பாப்போம்’னு கடைத்தெருவுல கேலி பண்றானுவளாம்.”

எப்சிபா சிரித்தார். “என் மாமியார் சாகுற வரைக்கும் நான் கைரேகை பாக்கிறேன்னுதான் நெனச்சிருந்தாங்க. கடைசி நாள்ல கூட கையை நீட்டுனாங்க.”

நாச்சியாரும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“அப்பாவுக்காக இல்ல மேடம். எனக்கு மாரிச்சாமி ஞாபகமாவே இருக்கு.”

மாரிச்சாமி லாரி ஓட்டியவர். வாழ வேண்டாம் என்று முடிவு செய்து, எப்படியோ காப்பாற்றப்பட்டு, பதினொன்றாம் படுக்கையில் கிடந்தார். ஆறு நாள் நாச்சியார் அவரோடு உட்கார்ந்து பேசினாள். ஏழாம் நாள் காலையில், இவரை இப்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதி வைத்தாள். பணியில் இருந்த மருத்துவர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். “ரத்தம் நார்மல், லிவர் நார்மல். சும்மா பேசிக்கிட்டு இருக்கிறதுக்கெல்லாம் படுக்கை தர முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து நான்காம் நாள் மாரிச்சாமி திரும்பி வந்தார். இந்த முறை அவரை வார்டுக்குக் கொண்டுவரவில்லை. பின்பக்கப் பிணவறைக்கு நேராகக் கொண்டுபோனார்கள்.

“நான் எழுதினது ஆறு வரி மேடம். அவர் போட்டது ஒரு கையெழுத்து. என் ஆறு வரியை அது அழிச்சிருச்சு. நான் நாள் முழுக்க உக்காந்து கேட்டு என்ன பிரயோஜனம்? கையெழுத்துப் போடுற கை எனக்கு வேணும். இந்தப் படிப்புல அது கெடைக்காது.”

எப்சிபா மேஜைமேல் இருந்த எடை நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“நான் மெடிக்கல் போறது சரியா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.”

எப்சிபா கடிதங்களைப் பிரித்துப் பார்க்காமல் மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

“இன்னிக்கு மாசத்து முதல் புதன். கூட்டம் வரும். பேசுறதை நான் பாத்துக்கிறேன். நீ எடை மட்டும் பாரு.”

“மேடம், நான் கேட்டது…”

“எடை மட்டும். ஒருத்தரையும் விட்டுடாதே.”

நாச்சியாருக்கு அந்த மிஷினைப் பிடிக்காது. இரண்டு வருடமாக அதைத் தொடாமல் இருக்க முடிந்தபோதெல்லாம் தொடாமல் இருந்தவள். இன்று அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மடியில் எடை நோட்டு.

முதலில் ஒரு கிழவி வந்தாள். “பேசுறதுக்கும் எடையா? எடை கூட இருந்தா கூடக் கொஞ்ச நேரம் பேசுவாங்களாக்கும்?”

“ஏறுங்க ஆச்சி.”

அடுத்து வந்தவர் செருப்பைக் கழற்ற மறுத்தார். “வாசல்ல விட்டா எவனாவது போட்டுக்கிட்டுப் போயிருவான். போன வாரம் அப்படித்தான் வெறுங்காலோட வீட்டுக்குப் போனேன். செருப்புக்கு அரைக் கிலோ கழிச்சுக்கோ.”

ஒரு இளைஞன் ஏறி நின்று, இறங்கி, கையை நீட்டினான். “ரயில்வே ஸ்டேஷன்ல அட்டை வருமே, பின்னால ஜோசியம் போட்டு. அது வராதா டாக்டரம்மா?”

“வராது.”

அவன் டாக்டரம்மா என்று சொன்னதை நாச்சியார் திருத்தவில்லை. வழக்கமாகத் திருத்துவாள். பேசிக்கொண்டிருந்த எப்சிபா ஒரு நொடி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தார்.

பதினொன்றரை மணிக்கு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். காக்கிச் சட்டை. தோளில் ஒரு சாக்குப் பை. பையின் கனம் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது.

எப்சிபா, எதிரே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் “ஒரு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

நாச்சியார் இதை மாதாமாதம் பார்த்திருக்கிறாள். மருத்துவமனையின் தலைமை அதிகாரி வந்தபோதுகூட எப்சிபா பேச்சை நிறுத்தியதில்லை. இந்த மனிதருக்கு மட்டும் எழுந்து நிற்பார். மிஷின் பழுது பார்க்கிறவருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அவர் பையைத் திறந்து, முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து மிஷின்மேல் வைத்தார். முள் ஆடி, இருபதில் நின்றது. குனிந்து பார்த்தார். கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இருபது.

“மிஷின் சரியா இருக்கு” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நீங்க எந்தக் கம்பெனி அண்ணாச்சி?” என்று நாச்சியார் கேட்டாள்.

“ரேஷன் கடை.”

“ரேஷன் கடையா?”

“எடையாளர். அரிசி போடுறவன்.”

நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. எடை நோட்டுக்காகக் கையை நீட்டினார். ஒவ்வொரு மாதமும் அவர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டுவார். அதற்கு அரை நிமிடம் ஆகும். இன்று அவர் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் நின்றது.

“பதினொண்ணுன்னு போட்டிருக்கே, இது என்ன?”

“படுக்கை நம்பர் அண்ணாச்சி. வார்டுல இருந்த ஒரு பேஷண்ட்.”

“திங்கக்கிழமை அறுபத்திரண்டு. செவ்வாய் அறுபத்திரண்டு. புதன் அறுபத்திரண்டு.” அவர் விரல் கீழே இறங்கியது. “ஆறு நாளும் அறுபத்திரண்டு.”

நாச்சியார் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

“எங்க கடையில அரிசி மூட்டை ஆறு நாள் கெடந்தா ஒரே எடை காட்டாது தாயி. மழைக்கு ஏறும், வெயிலுக்கு எறங்கும். எலி இருந்தா இன்னும் எறங்கும். இந்த ஆளு என்ன, கல்லா?”

“அப்ப மிஷின்ல ஏதோ கோளாறு இருந்துச்சு அண்ணாச்சி.”

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எடைக்கல்லை மூன்றாவது முறையாகத் தூக்கி மிஷின்மேல் வைத்தார். முள் இருபதுக்குப் போய் நின்றது.

“போன மாசம் இருபது. இன்னைக்கும் இருபது. நடுவுல ஆறு நாளு மட்டும் கோளாறாக்கும்?”

அழுதுகொண்டிருந்த பெண்கூட அழுகையை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்தாள்.

“அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?” என்று அவர் கேட்டார்.

நாச்சியார் தரையைப் பார்த்தாள். அவர் எப்சிபாவைப் பார்த்தார். எப்சிபாவும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கல்லைப் பையில் போட்டார். நோட்டை மூடி ஸ்டூல்மேல் வைத்தார்.

“டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார் எப்சிபா.

அவர் காதில் விழாததுபோலப் போய்விட்டார்.

கூட்டம் தீர ஒன்றரை மணி ஆயிற்று. எப்சிபா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நாச்சியாரை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“அவர் பேர் கொம்பையா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவர் வீட்டம்மா இங்க வந்தாங்க. ஆவுடையம்மாள். நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலிதான்.”

நாச்சியார் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“ஒரே மக. தலைப்பிரசவத்துல போயிட்டா. அதுக்கப்புறம் அந்தம்மாவுக்குச் சாப்பாடு செல்லல. ‘ரெண்டு வாய் தின்னா வயிறு நெறஞ்சிருது’ன்னு சொன்னாங்க. நான் மகளைப் பத்திக் கேட்டேன். அழுதாங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். பதினோரு மாசம், வாராவாரம். அவ்வளவு நல்லா நான் யார் பேச்சையும் கேட்டதில்ல நாச்சியார்.”

“குணமாச்சா மேடம்?”

“துக்கம் குறைஞ்சுது. அந்தம்மாவே சொன்னாங்க. இங்க வந்துட்டுப் போனா மனசு லேசா இருக்குன்னு.”

எப்சிபா மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

“ரவிக்கையில ஊக்கு குத்தி இறுக்கிட்டு வருவாங்க. முதல்ல ஒரு ஊக்கு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. ‘உடையில் கவனம் குறைந்திருக்கிறது’ன்னு எழுதி வச்சேன். ஒரு நாள் பேசிக்கிட்டு இருக்கும்போதே வளையல் கையை விட்டுத் தானாக் கழண்டு விழுந்துச்சு. இந்த மேஜைக்கு அடியில உருண்டு போச்சு. நான்தான் குனிஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.”

“அப்பகூட உங்களுக்கு…”

“அப்பகூட, இது மகளோட வளையலான்னுதான் கேட்டேன். ஆமான்னாங்க. அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினோம்.”

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும் வரை எப்சிபா காத்திருந்தார்.

“வயித்துல கட்டி. அடுத்த வாரம் வாசல்ல மயங்கி விழுந்தாங்க. ஸ்ட்ரெச்சர் வரல. கொம்பையா அவங்களைக் கையில தூக்கிக்கிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார். நானும் பின்னால ஓடினேன். உள்ள கெடத்திட்டுத் திரும்பி என்னைப் பாத்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ‘முப்பத்துநாலு.’ எனக்கு முதல்ல புரியல. நர்ஸ் எடை பாத்தப்பதான் புரிஞ்சுது. முப்பத்துநாலு கிலோதான்.”

“தூக்கினதுலயே தெரிஞ்சிருச்சா?”

“நாள் முழுக்க மூட்டை தூக்குற ஆளு. கையில வாங்கினா எடை சொல்லிடுவார். ‘ஊருக்கெல்லாம் எடை போட்டேன், வீட்டுல இருந்தவளைத் தூக்கிப் பாக்கல’ன்னு சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் இந்த மிஷினைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தார். ‘இனிமே இதுல ஏத்திட்டு அப்புறம் பேசுங்க. மாசாமாசம் நான் வந்து பாப்பேன்’னார். அதுதான் அவர் என்கிட்ட கடைசியாப் பேசினது. இன்னிக்கு வரைக்கும் என் டீயைக் குடிச்சதில்ல.”

நாச்சியார் மிஷினைப் பார்த்தாள். பிறகு மேஜை ஓரத்தில் இருந்த கடிதங்களைப் பார்த்தாள்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நான் சொல்றதும் அதான். நீங்க டாக்டரா இருந்திருந்தா முதல் மாசமே வயித்தை அமுக்கிப் பாத்திருப்பீங்க.”

“என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்தம்மாவை நாலு டாக்டர் பாத்திருந்தாங்க.”

“நாலு பேரா?”

“நாலு பேரும் நல்ல டாக்டர்தான். மகள் செத்த கதையைக் கேட்டதும் நாலு பேரும் பேனாவை எடுத்தாங்க. மனக்கவலைன்னு எழுதினாங்க. நாலாவது ஆள் என்கிட்ட அனுப்பினார். நாலு கையெழுத்தும் இன்னும் அந்தக் கோப்புல இருக்கு.”

நாச்சியார் எப்சிபா பக்கம் திரும்பினாள்.

“அப்ப நான் இங்கயே இருக்கணும்னு சொல்றீங்களா?”

எப்சிபா மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல். மேலே மாரிச்சாமியின் பெயர் இருந்தது.

“மூணாவது வரியைப் படி.”

நாச்சியார் படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

“சத்தமாப் படி.”

“உடல் எடை ஐம்பத்தாறு.”

“போன வாரமே வந்துருச்சு இந்தத் தாள். பக்கத்துப் படுக்கையில இருந்தவர் நேத்து மருந்து வாங்க வந்திருந்தார். மாரிச்சாமி தங்கமான மனுஷன், ஆறு நாளும் தன் பங்குச் சோத்தையும் எனக்கே தந்தான்னு சொல்லி அழுதார்.”

நாச்சியாரின் கை தாளின்மேலேயே இருந்தது.

“முதல் நாள் ஏத்தினேன் மேடம். சத்தியமா ஏத்தினேன். அறுபத்திரண்டு இருந்தார். மறுநாள் அழுதுகிட்டு இருந்தார். அழுற மனுஷனை எந்திரிச்சு மூட்டை மாதிரி மிஷின்ல ஏறுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நேத்து இருந்ததையே எழுதிட்டேன். அப்புறம் தினமும்…”

“தெரியும்.”

“ஏத்தியிருந்தா எறங்குறது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“அந்த டாக்டர் கேட்டிருப்பாரா?”

“உன் ஆறு வரியைப் படிக்க அவருக்கு நேரம் இல்ல. நம்பரைப் படிப்பார்.”

நாச்சியார் தாளை எப்சிபா பக்கம் தள்ளினாள். அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

“போன வாரமே தெரிஞ்சும் ஏன் மேடம் என்கிட்ட கேக்கல? இன்னிக்கு அவர் வர்ற வரைக்கும் ஏன் வச்சிருந்தீங்க?”

எப்சிபா எடை நோட்டை எடுத்தார். மாரிச்சாமியின் பக்கத்தைத் திறந்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“கீழே பாரு.”

பக்கத்தின் அடியில் நீல மையில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதியிருந்தது. அதன்கீழே எப்சிபாவின் கையெழுத்து. அடுத்த பக்கத்திலும் இருந்தது. நாச்சியார் முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அதே மை, அதே சாய்வு.

“காலையில கேட்டியே, கையெழுத்துப் போடுற கை. பாத்துக்கோ.”

எப்சிபா தன் வலது கையை விரித்து நோட்டின்மேல் வைத்தார். எடுக்கவில்லை.

நாச்சியார் கேட்டாள்.

“நாளைக்கு நான் எங்க போறது மேடம்?”

எப்சிபா இரண்டு கடிதங்களையும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

“எங்க வேணும்னாலும் போ. அங்கேயும் ஒரு எடை மிஷின் இருக்கும். பாக்காமலே கையெழுத்துப் போடுறதுக்கு என்னை மாதிரி ஒருத்தியும் இருப்பா.”